மரணத்துக்குப் பின் ஆன்மா: கிறிஸ்தவ நம்பிக்கை என்ன சொல்கிறது?

இறந்தபின் ஆன்மா வாழ்கிறதா என்று ஒரு கிறிஸ்தவரிடம் கேட்டால், அநேகமாக உடனே பதில் வந்துவிடும்: உடல் மண்ணுக்குப் போகும், ஆன்மா கடவுளிடம் போகும். சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த பதில் இது. தப்பில்லை. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் கிறிஸ்தவ நம்பிக்கையில் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும்.

திருச்சபைகள் வழிபாட்டில் சொல்லும் பழைய விசுவாச அறிக்கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்போஸ்தலரின் விசுவாச அறிக்கை, சரீரம் உயிர்த்தெழும் என்றும் நித்திய ஜீவன் உண்டென்றும் சொல்லி முடிகிறது. 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நிசேயா அறிக்கை, மரித்தோரின் உயிர்த்தெழுதலையும் வரப்போகும் உலகின் வாழ்வையும் எதிர்நோக்குகிறது. இரண்டிலும் 'ஆன்மா அழியாதது' என்று ஒரு வரிகூட இல்லை. உடல் எழும் என்பதைத்தான் அவை உரக்கச் சொல்கின்றன.

அப்படியானால் ஆன்மா மரணத்தைக் கடப்பதில்லையா? கடக்கிறது என்றே கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளும் போதிக்கின்றன. ஆனால் ஆன்மா உடலின்றி இருப்பது ஒரு காத்திருப்புக் காலம். முழு மனிதன் உடலோடு எழுப்பப்படும் நாளில்தான் அது முடியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் மெல்லப் புரிய ஆரம்பிக்கும். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது இன்னொன்று. மரணத்துக்குப் பின் மனிதன் இருப்பது தன் சொந்த பலத்தால் என்று வேதாகமம் எங்கும் சொல்வதில்லை. கடவுள் அவனைக் கைவிடாமல் வைத்திருப்பதால்தான் இருக்கிறான்.

மண்ணும் மூச்சும்

முதலில், மனிதன் என்பவன் யார்? ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் மண்ணை எடுத்து மனிதனை உருவாக்கி, அவன் நாசியில் ஜீவசுவாசத்தை ஊதுகிறார். "மனுஷன் ஜீவாத்துமாவானான்" என்று முடிகிறது அந்த வசனம். எங்கோ ஏற்கெனவே இருந்த ஓர் ஆன்மாவைக் கொண்டுவந்து உடலுக்குள் வைத்ததாக அங்கே இல்லை. மண்ணும் கடவுளின் மூச்சும் சேர்ந்தபோது ஓர் உயிருள்ள மனிதன் உண்டானான், அவ்வளவுதான்.

இதிலிருந்தே ஒரு பெரிய வித்தியாசம் தொடங்குகிறது. கிறிஸ்தவப் பார்வையில் ஆன்மா ஆதி இல்லாதது அல்ல, படைக்கப்பட்டது. உடலில் பிறப்பதற்கு முன்பே ஆன்மாக்கள் இருந்தன என்ற கருத்து ஆரம்ப நூற்றாண்டுகளில் ஓரிகன் என்ற பெரிய அறிஞரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறாம் நூற்றாண்டில் திருச்சபை அதைக் கண்டித்து ஒதுக்கியது. மறுபிறவிக்கும் இங்கே இடமில்லை. மனிதர்கள் ஒரே தரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்பை அடைவதும் நியமிக்கப்பட்டிருக்கிறது என்கிறது எபிரெயர் நிருபம். ஒரு பிறப்பு, ஒரு வாழ்வு, ஒரு மரணம். அதனால்தான் இந்த ஒரு வாழ்வுக்கு இவ்வளவு கனம்.

உயிர் போவதைக் கூட்டை விட்டுப் பறவை பறப்பதாக நாம் சொல்வது உண்டு. அழகான படம்தான், ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அது முழுவதும் பொருந்தாது. கூடு போனால் பறவைக்கு நஷ்டமில்லை. இங்கேயோ உடலை இழந்த ஆன்மா எதையோ இழந்துதான் நிற்கிறது. கடவுள் நல்லது என்று கண்ட படைப்பில் உடலும் சேர்த்தி.

பழைய ஏற்பாட்டின் மௌனம்

புதிதாக வாசிக்கிறவர்களைத் திகைக்கவைப்பது பழைய ஏற்பாடு. மோட்சத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தால் அப்படி எதுவும் இல்லை. இறந்தவர்கள் பாதாளத்துக்குப் போகிறார்கள். நல்லவர், கெட்டவர் என்ற பிரிவு அங்கே தெளிவாகத் தெரிவதில்லை. நிழல் போன்ற, சத்தமற்ற இடம் அது. பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார் என்று ஆறாம் சங்கீதம் கடவுளிடமே கேட்கிறது. "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்று பிரசங்கி ஒன்பதாம் அதிகாரம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுகிறது. அதே புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தில், மண் பூமிக்குத் திரும்பும், ஆவி தன்னைத் தந்த தேவனிடம் திரும்பும் என்கிறது. ஆனால் திரும்பிய பிறகு என்ன என்று விளக்குவதில்லை.

விளக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது தத்துவ விசாரணையில் பிறக்கவில்லை. நீதியைக் கேட்டு எழுந்த கூக்குரலில் பிறந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கஸ் எபிபானஸ் என்ற அரசன் யூதர்களைக் கொடுமைப்படுத்தினான். கடவுளுடைய சட்டத்தைக் கைவிட மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதுவரை இருந்த நம்பிக்கை, நீதிமான் நீண்ட நாள் வாழ்வான் என்பது. இங்கேயோ நீதிமானாக இருந்ததற்காகவே இளம் வயதில் சாகிறார்கள். கடவுள் இவர்களை அப்படியே விட்டுவிடுவாரா?

இந்தக் கேள்விக்கு தானியேல் பன்னிரண்டாம் அதிகாரம், பூமியின் தூளிலே நித்திரை செய்கிற அநேகர் விழித்தெழுவார்கள் என்று பதில் சொல்கிறது. மக்கபேயர் இரண்டாம் நூலின் ஏழாம் அதிகாரத்தில் ஒரு தாயும் அவளுடைய ஏழு மகன்களும் அரசன் முன்னால் சித்திரவதை செய்யப்படுகிறார்கள். மூன்றாவது மகன் தன் கைகளை நீட்டி, இவற்றைக் கடவுளிடமிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே மீண்டும் பெற்றுக்கொள்வேன் என்கிறான். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் இந்த நூல் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இல்லை. எந்த வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தாலும் அந்தப் பையனின் சொல்லைக் கவனியுங்கள். வெட்டப்படப் போகும் அந்தக் கைகளையே அவன் திரும்பக் கேட்கிறான்.

இயேசுவின் காலத்திலேயே யூதர்களுக்குள் இதில் இரண்டு கட்சி இருந்தது. பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள், சதுசேயர் நம்பவில்லை. சதுசேயர் ஒருநாள் இயேசுவிடம் ஒரு விடுகதையோடு வருகிறார்கள்: ஏழு சகோதரர், ஒருவன் இறக்க அடுத்தவன் என்று ஏழு பேருமே ஒரே பெண்ணை மணக்கிறார்கள், உயிர்த்தெழுதலில் அவள் யாருக்கு மனைவி? இயேசுவின் பதிலில் ஆன்மா எதனால் ஆனது என்ற பேச்சே இல்லை. எரியும் முட்செடியில் கடவுள் மோசேயிடம், நான் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று சொன்னதை நினைவூட்டுகிறார். அப்புறம், "தேவன் மரித்தோருக்கு தேவனாயிராமல், ஜீவனுள்ளோருக்கு தேவனாயிருக்கிறார்" என்கிறார். மோசேயின் காலத்தில் ஆபிரகாம் இறந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் கடவுள் அவனைத் தன்னுடையவன் என்கிறார். கடவுள் 'என்னுடையவன்' என்று சொல்லும் ஒருவன் இல்லாமலே போய்விட முடியாது. இயேசுவின் வாதம் அவ்வளவுதான், எனக்கும் அது போதும்.

புதிய ஏற்பாட்டில் இடைப்பட்ட காலம்

மரணத்துக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் புதிய ஏற்பாடு அங்கங்கே தொட்டுச் செல்கிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்வனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்கிறார். இருவருமே அன்றைக்கே இறந்தார்கள். சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும் பவுல், "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்கிறார். சரீரத்தைக் கொன்றாலும் ஆத்துமாவைக் கொல்ல முடியாதவர்களுக்குப் பயப்பட வேண்டாம் என்று மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். வெளிப்படுத்தின புத்தகம், கொல்லப்பட்ட சாட்சிகளின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருந்துகொண்டு எதுவரைக்கும் என்று கடவுளிடம் முறையிடுவதைக் காட்டுகிறது. இறந்தபின் ஒரு ஐசுவரியவானுக்கும் லாசரு என்ற ஏழைக்கும் நேர்ந்ததாக இயேசு சொன்ன கதையையும் பலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது உவமை என்பதால் அதிலிருந்து மறுவுலகத்தின் வரைபடம் எடுக்க நான் தயங்குவேன்.

இந்த வசனங்களில் ஒரு பொதுவான தன்மை உண்டு. இடத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் அதிகம் சொல்லாமல், யாரோடு என்பதைத்தான் சொல்கின்றன: என்னுடனே, கிறிஸ்துவுடனே. இயேசு தாமே கடைசி மூச்சில் "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்றார். கல்லெறியப்பட்ட ஸ்தேவான், என் ஆவியை ஏற்றுக்கொள்ளும் என்று இயேசுவிடம் கேட்டான். ஒப்படைக்கிறார்கள், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார்.

அதே சமயம் மத்தேயுவின் அந்த வசனம் முடியும் விதத்தையும் மறைக்கக் கூடாது. ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள் என்று அது முடிகிறது. 'அழிக்க' என்ற சொல்லை வைத்து, கடவுளை நிராகரித்தவர்கள் என்றென்றும் வேதனைப்படுவதில்லை, இறுதியில் இல்லாமலே போய்விடுவார்கள் என்று ஒரு சிறுபான்மை கிறிஸ்தவர்கள் கருதுகிறார்கள். பிரிட்டிஷ் இவாஞ்சலிக்கல் தலைவர் ஜான் ஸ்டாட் 1988-ல் இந்தப் பக்கம் சாய்ந்து எழுதியபோது பெரிய விவாதம் எழுந்தது. ஒருவராய் சாவாமையுள்ளவர் கடவுளே என்ற முதலாம் தீமோத்தேயு வசனமும் அவர்களுக்குத் துணை. பெரும்பான்மைத் திருச்சபைகள் இந்த முடிவை ஏற்கவில்லை.

மரணம் நண்பனா, சத்துருவா

ஆன்மா அழியாது என்று நம்புகிறவர்கள் மரணத்தை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்? கிரேக்க ஞானி சாக்ரடீஸ் நஞ்சுக் கோப்பையை அமைதியாக வாங்கிக் குடித்தார். உடல் என்ற தடையிலிருந்து ஆன்மா விடுதலையாகிறது என்பதுதான் அவர் வாயிலாகப் பிளேட்டோ சொல்வது. இயேசுவோ கெத்செமனேயில் வியாகுலப்பட்டார், இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று வேண்டினார். 1955-ல் ஹார்வர்டில் பேசிய லூத்தரன் அறிஞர் ஆஸ்கர் குல்மன் இந்த இரண்டு மரணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஆன்மாவின் அழியாமை கிரேக்கரின் கருத்து, மரித்தோரின் உயிர்த்தெழுதல்தான் புதிய ஏற்பாட்டின் நம்பிக்கை, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்பது அவர் வாதம். கோபப்பட்டவர்கள் நிறைய.

அவர் சொன்னதில் ஒரு பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். தன் நண்பன் லாசருவின் (உவமையில் வரும் ஏழை அல்ல, வேறொருவர்) கல்லறை முன்னால் இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் சில நிமிடங்களில் அவனை எழுப்பப் போகிறார் என்று தெரிந்தும் அழுதார். மரணம் வெறும் ஒரு வாசல்தான் என்றால் அந்தக் கண்ணீருக்கு அர்த்தமே இல்லை. பவுலும் அதை நண்பன் என்று சொல்லவில்லை. "பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார், அதாவது அழிக்கப்படும் கடைசி எதிரி. துக்க வீட்டில், ஆன்மா மோட்சத்துக்குப் போய்விட்டது, அழாதீர்கள் என்று அதட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஆன்மாவின் இருப்பைக் கிரேக்கச் சரக்கு என்று முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. நான்காம் நூற்றாண்டில் நடந்த ஓர் உரையாடலைப் பாருங்கள். நிசாவின் கிரகோரி ஓர் ஆயர். அவருடைய அண்ணன், புகழ்பெற்ற பசிலியார், இறந்துவிட்டார். துக்கம் தாளாமல் கிரகோரி தன் அக்கா மக்ரினாவைப் பார்க்கப் போகிறார். போனால், அவரும் மரணப் படுக்கையில் இருக்கிறார். 379-ஐ ஒட்டிய காலம் அது. அந்தச் சந்திப்பைக் கிரகோரி பிறகு ஒரு நூலாக எழுதினார். ஆன்மா இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி, உடல் சிதைந்ததும் அதுவும் சிதைந்துபோனால் என்ன செய்வது என்று ஆயரான தம்பி கேள்விமேல் கேள்வி அடுக்குகிறார். மூச்சு வாங்க முடியாமல் கிடக்கும் அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார். உடலின் கூறுகள் எங்கெங்கோ சிதறிப் போனாலும் ஆன்மா தனக்குரியவற்றை அறிந்து அவற்றோடேயே இருக்கிறது, உயிர்த்தெழுதலின் நாளில் அவை மறுபடி ஒன்றுசேரும் என்பது அவர் போதனை. ஆன்மாவையும் உயிர்த்தெழுதலையும் அவர் எதிரெதிரே நிறுத்தவில்லை. உடலுக்காகவே ஆன்மா காத்திருக்கிறது.

ஒரு போப்பாண்டவர் தன் கருத்தை விட்டுக்கொடுத்த கதை

சரி, காத்திருக்கும் அந்தக் காலத்தில் நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளை நேருக்கு நேர் காண்கின்றனவா, இல்லை கடைசி நாள்வரை அதற்கும் காத்திருக்க வேண்டுமா? இது கேட்பதற்குச் சின்னக் கேள்விபோல் இருக்கும். ஆனால் பதினான்காம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவையே கலக்கியது.

அப்போது போப்பாண்டவர்கள் பிரான்ஸ் பக்கம் அவிஞோனில் இருந்தார்கள். 1331-ல் சகல பரிசுத்தர் திருநாளில் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் யோவான் தொடர்ச்சியாகச் சில பிரசங்கங்களைத் தொடங்கினார். நீதிமான்களின் ஆன்மாக்கள் இப்போது கிறிஸ்துவின் பாதுகாப்பில் இருக்கின்றன, ஆனால் கடவுளைத் தரிசிக்கும் முழு ஆனந்தம் உடல் உயிர்த்து நியாயத்தீர்ப்பு நடந்த பிறகே கிடைக்கும் என்றார். பலிபீடத்தின் கீழே காத்திருக்கும் ஆத்துமாக்கள் என்ற வசனம் அவர் மனதில் இருந்தது. பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பரிசுத்தவான்கள் இப்போது கடவுளைக் காணவே இல்லை என்றால், அவர்களிடம் பரிந்துரை கேட்டு ஜெபிக்கிற பழக்கம் என்ன ஆவது? பிரான்ஸ் அரசரும் தலையிட்டார். இது தன் தனிப்பட்ட கருத்துதான், திருச்சபைமேல் திணிக்கவில்லை என்பது போப்பாண்டவரின் நிலை. கடைசியில், 1334 டிசம்பரில், இறப்பதற்கு முந்தைய நாள் கர்தினால்கள் முன்னிலையில் அந்தக் கருத்தை விட்டுக்கொடுத்தார்.

அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336 ஜனவரி 29-ல் விஷயத்தை முடித்துவைத்தார். சுத்திகரிப்பு தேவைப்படாத, அல்லது அதை முடித்துவிட்ட நீதிமான்களின் ஆன்மாக்கள், உடலைத் திரும்பப் பெறுவதற்கு முன்பே, பொது நியாயத்தீர்ப்புக்கு முன்பே, கடவுளை முகமுகமாய்க் காண்கின்றன என்பது அவர் அறிவித்த போதனை. கத்தோலிக்கத் திருச்சபை இன்றுவரை அதில்தான் நிற்கிறது. இத்தனைக்கும் யோவானின் கவலையில் ஒரு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆன்மாவுக்கு இப்போதே எல்லாம் கிடைத்துவிட்டது என்றால், உடலின் உயிர்த்தெழுதல் எதற்கு?

அந்தக் கேள்விக்கு நல்ல பதிலை அவருக்கு அறுபது வருஷத்துக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார். 1274-ல் மறைந்த தாமஸ் அக்வினாஸ், பவுலின் கொரிந்தியர் நிருபத்துக்கு உரை எழுதும்போது, "என் ஆன்மா நான் அல்ல" என்கிறார். ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் நான் மீட்கப்பட்டதாக ஆகாது என்பது அவர் கருத்து. தாமஸின் பார்வையில் ஆன்மா உடலுக்கு உருவும் உயிரும் கொடுப்பது. அது இயல்பிலேயே சிதையாதது, ஆகவே மரணத்துக்குப் பின்னும் நிற்கும். ஆனால் உடலுக்கென்று ஆனது என்பதால், தனியாக நிற்கும்போது அது முழுமையில்லாத நிலையில் இருக்கிறது. ஆன்மாவுக்கு இவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்தவரே அதை முழு மனிதன் என்று சொல்ல மறுத்தார்.

இதில் ஒரு தர்க்கமும் ஒளிந்திருக்கிறது. மரணத்தில் என்னில் எதுவுமே மிஞ்சவில்லை, பல காலம் கழித்துக் கடவுள் என்னைப் போலவே ஒருவனைப் படைக்கிறார் என்று வையுங்கள். அவன் நானா, என் நகலா? என் நினைவும் முகமும் அவனிடம் இருக்கலாம். ஆனாலும் நடுவில் அறுந்துபோன தொடர்ச்சியை எது இணைக்கும்? ஆன்மா மரணத்தைக் கடந்து நிற்கிறது என்று சொல்கிறவர்களின் மிக வலுவான வாதம் இதுதான் என்பேன். இறந்த அதே ஆள் எழுந்திருக்க, இடையில் ஏதோ ஒன்று அவனாக இருந்தாக வேண்டும்.

தூக்கமா, விழிப்பா

சபைகளுக்கு இடையில் உள்ள வித்தியாசங்களுக்கு வருவோம்.

கத்தோலிக்கர், கடவுளின் நட்பில் இறந்தும் முழுத் தூய்மை பெறாதவர்கள் உத்தரிக்கும் ஸ்தலத்தில் சுத்திகரிக்கப்படுகிறார்கள் என்று நம்புகிறார்கள். புளோரன்ஸ் சங்கமும், 1563-ல் திரெந்து சங்கமும் இதை உறுதிப்படுத்தின. அதனால்தான் இறந்தவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதும், நவம்பர் 2-ல் மரித்த விசுவாசிகள் எல்லோருக்காகவும் ஜெபிப்பதும். இது மிகப் பழைய வழக்கம். 387-ல் இறந்த மோனிக்கா, தன் உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று, பின்னாளில் பெரிய இறையியலாளரான மகன் அகுஸ்தீனிடம் கேட்டுக்கொண்டார். ஆர்த்தடாக்ஸ் சபையினரும் இறந்தவர்களுக்காக ஜெபிக்கிறார்கள். மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாள்களில் சிறப்பாக. ஆனால் உத்தரிக்கும் ஸ்தலம் என்ற மேற்கத்திய வரையறையை அவர்கள் ஏற்பதில்லை.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள் உத்தரிக்கும் ஸ்தலத்தை அடியோடு மறுத்தார்கள். ஆன்மா விழித்திருக்கிறதா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மார்ட்டின் லூத்தர் மரணத்தைப் பல இடங்களில் தூக்கமாகவே பேசுகிறார்: கண்ணை மூடுகிறோம், கிறிஸ்து வந்து எழுப்புகிறார், நடுவில் கடந்த காலம் நமக்குத் தெரியாது. வேறு இடங்களில் ஆன்மா விழித்திருப்பதாகவும் சொல்கிறார். ஜான் கால்வின் 1534-ல், இளைஞராக இருக்கும்போதே, ஆன்மா தூங்குகிறது என்ற கருத்தை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். அவர் வழியில் வந்த 1646-ன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, ஆன்மாக்கள் சாவதும் இல்லை, தூங்குவதும் இல்லை, உடனே கடவுளிடம் திரும்புகின்றன என்று அடித்துச் சொல்கிறது. இன்றைய பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளின் போதனையும் இதுவே.

1863-ல் அமைப்பாக உருவான செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை வேறு பாதையில் போகிறது. மரணம் உணர்வற்ற தூக்கம், உயிர்த்தெழுதல்வரை இறந்தவர் எதையும் அறிவதில்லை என்பது அவர்களுடைய உறுதியான போதனை. நான் பெரும்பான்மையின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் 'மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்' என்ற வசனத்தையும், இறந்தவர்களை நித்திரை அடைந்தவர்கள் என்று பவுல் திரும்பத் திரும்பச் சொல்வதையும் அவர்கள் இலேசாக விட்டுவிடவில்லை என்பதை மதிக்கிறேன்.

எழும் உடல் எப்படிப்பட்டது

மரித்தோர் எவ்விதமாய் எழுந்திருப்பார்கள் என்று கொரிந்து சபையில் கேட்டார்கள். பவுல் விதைக்கப்படும் தானியத்தைக் காட்டிப் பதில் சொல்கிறார். விதைக்கும் வடிவம் வேறு, முளைத்து வருவது வேறு, ஆனால் அதற்குள் தொடர்ச்சி உண்டு. அழிவுள்ளதாய் விதைக்கப்படுவது அழிவில்லாததாய் எழும். கிறிஸ்தவர்கள் மாதிரியாக வைத்திருப்பது உயிர்த்த இயேசுவின் உடலை. சீடர்கள் ஆவியைக் கண்டதாகப் பயந்தபோது, தொட்டுப் பாருங்கள் என்று கைகளையும் கால்களையும் காட்டினார், அவர்கள் முன்னால் மீன் சாப்பிட்டார் என்று லூக்கா எழுதுகிறார். பூட்டிய அறைக்குள்ளும் வந்து நின்றார் என்கிறார் யோவான். காயத்தின் தழும்புகளும் அந்த உடலில் இருந்தன.

உடலை எரித்தால் உயிர்த்தெழ முடியாதா என்று பலர் பயப்படுகிறார்கள். சாம்பலான உடலையும் கடலில் கரைந்த உடலையும் எழுப்ப முடியாதவர், மண்ணில் மக்கிய உடலையும் எழுப்ப முடியாது. கத்தோலிக்கத் திருச்சபை நீண்ட காலம் தகனத்தைத் தடுத்தே வந்தது, உயிர்த்தெழுதலை மறுக்கும் அடையாளமாக அதைச் சிலர் பயன்படுத்தியதும் ஒரு காரணம். 1963-ல் அந்தத் தடையைத் தளர்த்தியது. 2016-ல் வந்த வழிகாட்டல், சாம்பலைத் தூவிவிடாமல் புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. மரணத்துக்குப் பின்னும் உடலுக்கு மரியாதை உண்டு என்ற எண்ணம்தான் இதற்குப் பின்னால் இருக்கிறது.

இறந்தவர்கள் தேவதூதர்களாக மாறுகிறார்கள் என்பது பலர் ஆறுதலாகச் சொல்லும் ஒன்று. அது கிறிஸ்தவப் போதனை இல்லை. உயிர்த்தெழுதலில் மனிதர்கள் திருமண உறவு இல்லாதவர்களாய் தூதர்களைப் போல இருப்பார்கள் என்று இயேசு சொன்னார், தூதர்களாகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மனிதர் மனிதராகவே எழுப்பப்படுகிறார்கள்.

மூளையைப் பற்றி இன்று தெரிந்த பிறகும் இதெல்லாம் நிற்குமா? நினைவும் குணமும் மூளையோடு எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பது நமக்கு நன்றாகத் தெரியும். மூளை பாதிக்கப்பட்டால் ஆளே மாறிப்போவதைப் பார்க்கிறோம். இதனால் தனியான ஆன்மா என்ற ஒன்றையே விட்டுவிட்டு, உயிர்த்தெழுதலை மட்டும் நம்பும் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் இருக்கிறார்கள். இயற்பியல் பேராசிரியராக இருந்து பிறகு ஆங்கிலிக்கன் குருவான ஜான் போல்கிங்ஹார்ன் நடுவில் ஒரு வழி பார்த்தார். ஆன்மா என்பது ஒரு மனிதனை அவனாக்கும் தகவல் நிறைந்த ஒழுங்கமைப்பு. மரணத்தில் உடல் கலையும்போது அந்த ஒழுங்கைக் கடவுள் தம் நினைவில் காத்து, உயிர்த்தெழுதலில் மீண்டும் உடலாக்குகிறார் என்றார். தாமஸின் கருத்துக்கு இது அவ்வளவு தூரம் இல்லை. இரண்டிலுமே மனிதனைத் தாங்கி நிற்பது கடவுள்.

அப்புறம், இறந்தவர்கள் நம்மைப் பார்க்கிறார்களா, நாம் பேசுவது கேட்கிறதா? பிரிவில் வாடும் எல்லோரும் இதைக் கேட்பார்கள். எபிரெயர் நிருபம் நம்மைச் சூழ்ந்து நிற்கும் மேகம் போன்ற சாட்சிகளைப் பற்றிப் பேசுகிறது. அந்த உறவு மரணத்தால் அறுபடுவதில்லை என்று சொல்லி, கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் புனிதர்களிடம் தங்களுக்காக மன்றாடும்படி கேட்கிறார்கள். புராட்டஸ்டன்ட் சபைகள், மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே என்பதால் அவரிடம் மட்டுமே ஜெபிக்கின்றன. குறிகேட்டு இறந்தவரின் ஆவியை வரவழைப்பதை உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தைக் காட்டி எல்லாச் சபைகளும் ஒன்றுபோல் தடுக்கின்றன. இறந்தவரைப் பற்றி நமக்கு இருக்கும் ஏக்கத்தையும் சொல்லாமல் விட்ட மன்னிப்பையும் கடவுளிடமே சொல்லலாம். இறந்தவரை இப்போது வைத்திருப்பவரும் கடவுள்தான்.